மிளாவுக்கு வைத்த ஆப்பிள்

மான் வந்து தின்னட்டும் என்று ஆப்பிள் மரம் வைத்த ஒரு மனிதரிடம் நான் எட்டு வருடம் வேலை பார்த்தேன். அவர் பெயர் பிரபாகரக் கைமள். சாஸ்தாமேடு தேயிலை எஸ்டேட்டின் மானேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ வருடமாகியும் மானேஜரை நாங்கள் தொரை என்றுதான் கூப்பிட்டோம். வேறு மாதிரி கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

வித்துராவிலிருந்து போனக்காட்டுக்கு ஏறுகிற ரோட்டில், பாதி வழியில் இடதுபக்கம் பிரிந்தால் எங்கள் எஸ்டேட். அங்கே ஆப்பிள் காய்க்காது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். தை மாதக் காலையில் ஒற்றைச் சட்டையோடு வெளியே வந்து நின்றால் போதும். பல் கிட்டாத ஊரில் ஆப்பிள் எப்படிக் காய்க்கும்? தொரைக்கு அது தெரிய வழியில்லை. அவர் கம்பளிக்கோட்டு மாட்டிக்கொண்டுதான் வாசல்படி இறங்குவார்.

என் பெயர் சற்குணம். நர்சரி மேஸ்திரி. சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். பதினேழு வயதில் ரப்பர் தோட்டத்தில் ஒட்டு வைக்கப் பழகிய கை இது. அதற்குப் பிறகு மா, சப்போட்டா, ரோஜா என்று நான் ஒட்டு வைக்காத செடி கிடையாது. நான் வைத்தால் பிடிக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, அந்த மலையில் உருப்படியாக ஒரு வேலை தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

ஆப்பிள் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். காட்டு மிருகத்தைச் சுடக்கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பெல்லாம் கம்பெனிச் சேர்மன் கல்கத்தாவிலிருந்து வந்தால் தொரை துப்பாக்கியைத் துடைத்து அவர் கையில் கொடுப்பார். சேர்மன் சுடுவார், படாது, தொரை கைதட்டுவார். இப்போது அந்த வழி அடைபட்டுப்போனதால் சேர்மனின் மனதைக் குளிர வைக்க வேறு வழி தேட வேண்டியிருந்தது. சுட முடியாவிட்டால் என்ன, வராந்தாவில் உட்கார்ந்து டீ குடித்தபடி மானைப் பார்க்கலாமே என்று தொரைக்குத் தோன்றியது. அந்தச் சமயம் பார்த்து ஒரு சீமைப் பத்திரிகை அவர் கையில் சிக்கித் தொலைத்தது.

"எடோ சற்குணம், இது கண்டோ?" என்று என்னைப் பங்களாவுக்குக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். ஒரு குட்டை மரம். கோலிக்காய் அளவில் சிவப்புக் காய்கள். அடியில் இரண்டு மான்கள். "காட்டு ஆப்பிள். ஒட்டு மரம். இது வெச்சால் மானு கூட்டமாயிட்டு ஓடி வரும். மானுக்கு இது ஐஸ்கிரீம் போலயாணு."

படத்தில் மான்களின் முட்டி வரைக்கும் பனி கிடந்தது.

"தொரை, இதுல தரை பூரா ஐஸ்லா கெடக்கு," என்றேன்.

"அது வெறும் சீனறி," என்றார் தொரை.

ஆபீசில் வந்து கிளார்க் அழகியநம்பியிடம் சொன்னேன். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்திலிருந்து வந்து, இருபது வருடமாக எங்கள் மழையில் இருமிக்கொண்டிருந்த மனுஷர். எஸ்டேட்டின் கடுதாசி எல்லாம் அவர் எழுத்துதான். "ஓய் சற்குணம், உமக்கெதுக்கு இந்த வம்பு?" என்றார். "அவர் சொல்றார், நான் எழுதறேன், நீர் நடும். மான் வரலேன்னா அவர் மானுக்குத்தான் மெமோ கொடுப்பார்."

இதில் பெரிய கூத்து எதுவென்றால், மான் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. பங்களாவுக்குக் கீழே சரிவில் ஐந்து நெல்லி மரங்கள் நின்றன. யாரும் வைத்ததில்லை, தானாக வந்தவை. மார்கழி பிறந்தால் காய் உதிரும். உதிர்ந்ததைப் பொறுக்க மிளா வரும். எங்கள் பக்கம் பெரிய மானை மிளா என்போம், ஆண் மிளா எருமைக் கிடாரி உயரத்துக்கு நிற்கும். பொழுது சாய்கிற நேரத்தில், தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்றே நாங்கள் பார்ப்போம். தொரை மட்டும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் பங்களாவின் மறுபக்க வராந்தாவில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார்.

ஆப்பிளுக்கு இடம் வேண்டும் என்று அந்த ஐந்து நெல்லியையும் வெட்டச் சொன்னார். மான் வருவதற்காக, மான் வந்துகொண்டிருந்த மரத்தை வெட்டிய ஆள் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். நீ சொல்லியிருக்கலாமே என்பீர்கள். என்னிடம் கேட்டாரா? இருபது வருடம் இந்த மலையில் கிடக்கிறவனைக் கூப்பிட்டு, சற்குணம் இந்த நெல்லி எதற்கு நிற்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்கத் தெரியாத ஆளுக்கு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? வெட்டட்டும், நன்றாக வெட்டட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

விழுந்த கிளைகளில் காய் பறிக்க லயத்துப் பெண்கள் வந்தார்கள். அதில் பேச்சியும் ஒருத்தி. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரி, கொழுந்து பறிக்கிறவள். அவள் புருஷன் லிங்கம் எஸ்டேட் வாட்சர். முன்பு தொரைமார் வேட்டைக்குப் போகும்போது முன்னால் நடந்து வழி காட்டியவன். மடி நிறைய நெல்லிக்காயோடு நிமிர்ந்து, "இனி மிளா எங்கன போவும் அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஒன் வீட்டுக்கு வரும். சோறாக்கி வையி," என்றேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அடிச்செடிகள் லாரியில் வந்தன. ஒட்டுக்குச்சிகள் தையில் நீலகிரியிலிருந்து ஈரப்பாசியில் சுற்றிப் பார்சலில் வந்தன. நாற்பது வைத்தேன். கைமள் தொரையின் கிறுக்குக்காக வைத்தேன் என்றாலும் என் கத்திக்கு அது தெரியாது. குச்சியில் செதுக்கிய நாக்கும் செடியில் செதுக்கிய நாக்கும் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்போது இழை கூட இடைவெளி தெரியக்கூடாது, மெழுகுத்துணி சுற்றினால் காற்று போகக்கூடாது. முப்பத்தொன்று பிடித்தது. ஆப்பிளை அதற்கு முன் கையால் தொட்டறியாதவன், சூடு பிடித்த அந்த மலையில் முப்பத்தொன்றைப் பிடிக்க வைத்தேன். வேறொருவனைச் செய்யச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரிவில் நட்டோம். நட்ட மாதமே ஒரு கேழையாடு, மானில் குட்டைச் சாதி, வந்து நாலு கன்றின் நுனியைக் கடித்துவிட்டுப் போனது. தொரை துள்ளிக் குதித்தார். "எடோ, செடி நசிக்கும்! வேலி வைக்கடோ!" மானை வரவழைக்க வைத்த மரத்துக்கு மான் வராமல் இருக்க மூங்கில் கூடு பின்னினோம். அழகியநம்பி ரெஜிஸ்டரில் குனிந்து வெகுநேரம் இருமினார்.

இரண்டு வருடம் போனது. மரம் நெஞ்சுயரம் வந்தது. காயில்லை. ஒன்றிரண்டில் பத்துப் பூ பூத்து உதிர்ந்தது. பூத்ததும் தொரை கல்கத்தாவுக்குக் கடுதாசி எழுதினார், பங்களா வாசலில் மான் மந்தை மேய்கிறது, தை மாதம் அவசியம் வர வேண்டும் என்று. மந்தையாம்! அந்தச் சரிவில் அப்போது மேய்ந்தது டிரைவரின் ஆடு ஒன்றுதான்.

அந்த வருடக் கார்த்திகையில்தான் லிங்கம் காய்ச்சல் கண்டு செத்துப்போனான். எஸ்டேட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், யார் பெயர் நிரந்தரமாக இருக்கிறதோ அவருக்குத்தான் லயத்தில் அறை. லிங்கத்தின் பெயர் நிரந்தரம். பேச்சி பதினோரு வருடமாகக் கொழுந்து பறித்தும் தற்காலிகம். லிங்கம் போனால் அறையும் போகும். அவளுக்கு ஊரில் வீடில்லை, பிள்ளையில்லை, அண்ணன் தம்பி இல்லை. அந்தப் பத்துக்குப் பத்து அறையை விட்டால் அவளுக்குத் தலை சாய்க்க இடம் கிடையாது. யூனியன்காரர்கள் வித்துராவில் கொடிக்கம்பம் நடுகிற மும்முரத்தில் இருந்தார்கள், ஒரு தற்காலிகக்காரிக்காக மலையேற அவர்களுக்கு நேரமில்லை.

தொரையின் காலில் போய் விழுந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். தொரை அப்போது மானைத் தவிர வேறெதையும் நினைக்கிற நிலையில் இல்லை. "நீ ஆப்பிளுக்கு வெள்ளம் ஒழிக்கு," என்றார். "சேர்மன் வரும்போள் மானு வரட்டே. வந்நால் நின்றே பேரு ஞான் எழுதாம். வந்நில்லெங்கில் பின்னே என்னோடு ஒந்நும் பறையருது." அவள் தண்ணீர் ஊற்ற வேண்டும், மான் வந்தால் பெயரை நிரந்தரத்தில் எழுதுவார், வராவிட்டால் பேச்சே கிடையாது.

மான் வருவதும் வராததும் இவள் கையிலா இருக்கிறது? மனுஷன் என்றால் வாயில் வருவதைக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா? எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் வெளியே வந்து அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "போயி தண்ணிய ஊத்து. வேற எதுலயும் கைய வைக்காத. ஒட்டுக் கட்டின மரம், ஒனக்கு அதுலாம் வெளங்காது," என்றேன்.

மார்கழி பாதியில் தொரை மூங்கில் கூடுகளை எடுக்கச் சொன்னார். கூட்டுக்குள் இருந்தால் மான் எப்படித் தின்னும் என்று அவருக்கே ஒருவழியாக உறைத்திருந்தது. எடுத்த நாலாம் நாள் காலையில் மரத்தடியெல்லாம் குளம்புத் தடம். மிளாத் தடம்! அடுத்த நாளும் இருந்தது. பிறகு பொழுது சாயும்போது ஐந்தாறு உருப்படி நேரிலேயே வந்து நின்றன. தொரை பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. சமையல்காரனையும் டிரைவரையும் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் வித்துராவுக்கு ஆளனுப்பிக் கல்கத்தாவுக்குத் தந்தி அடித்தார்.

நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். காய் இல்லாவிட்டால் என்ன, நான் வைத்த ஒட்டின் தளிர் வாசனைக்குத்தான் மிளா வந்திருக்கிறது என்று செல்லபாயிடம், அதாவது என் பெண்சாதியிடம், சோறு தின்னும்போது சொன்னேன். "ஒங்க தொரை சொல்லுதது மாதிரியே இருக்கு," என்றாள் அவள். எழும்பிக் கை கழுவிவிட்டேன். இத்தனைக்கும் கடித்த தளிர் அதிகமில்லை. தரையைத்தான் நக்கியிருந்தன. மண்ணில் நாக்குத் தடம் பளபளவென்று கிடந்ததைப் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் உறைக்கவில்லை. கிறுக்கு தொரைக்கு மட்டும்தான் பிடிக்குமா என்ன?

சேர்மன் வருவதற்கு நாலு நாள் முன்பு மரங்களைப் பார்க்கப் போனேன். இலையின் ஓரமெல்லாம் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருந்தது. ஒன்றில் இல்லை, முப்பத்தொன்றிலும். குனிந்து மரத்து மூட்டில், அடிமண்ணைக் கிளறினால் வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்தேன். உப்பு. சாதாரண உப்பல்ல, பானை பானையாகக் கொட்டின மாதிரி உப்பு.

யார் செய்திருப்பார் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவள் பேச்சி. லயத்துப் பெண்கள் எல்லாரும் உப்பில் நெல்லி ஊறப்போடுகிறவர்கள். ஓடைக்கு இறங்கச் சோம்பல்பட்டு ஊறல் தண்ணீரையும் கழுவின தண்ணீரையும் கொண்டுவந்து மரத்தில் கொட்டியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். இரண்டு வருட உழைப்பு! என் கையால் நாக்கு செதுக்கி வைத்த மரம்! மூதேவி, சொன்னேனே கை வைக்காதே என்று. அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. சேர்மன் வந்துபோகட்டும், அவள் பெயரும் எழுதப்படட்டும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதை ஒரு தயவு என்றுகூட நினைத்துக்கொண்டேன், என் கர்த்தாவே.

மறுநாள் காலை ஆள் பிரிக்கிற மஸ்டரில் அவளைக் கீழ் நர்சரிக்கு அனுப்பினேன். இரண்டு மைல் கீழே, பையில் மண் நிரப்புகிற வேலை.

"நான் இங்கனயே நிக்கேனே அண்ணாச்சி. மரத்துக்கு யாரு..."

"மரத்த நான் பாத்துக்கிடுதேன். நீ போட்டி."

"ஒண்ணு சொல்லணும் அண்ணாச்சி. மரத்து மூட்டுல..."

"சேர்மன் போனப்பொறவு சொல்லு," என்றேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஆள் வைத்து வேலையை ஆரம்பித்தேன். மரத்தைச் சுற்றி நாலு விரல் ஆழத்துக்கு மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தோம். காட்டிலிருந்து புது மண் கொண்டுவந்து போட்டோம். ஒரு மரத்துக்கு எட்டு டின் தண்ணீர், காலையில் எட்டு, மாலையில் எட்டு. உப்பு வேருக்கும் கீழே இறங்கிக் கழுவிப்போக வேண்டும். சுரண்டிய மண்ணை எங்கே கொட்ட என்று ஆட்கள் கேட்டார்கள். லயத்துக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கொட்டச் சொன்னேன். குப்பையெல்லாம் கொட்டுகிற இடம் அதுதான். மூன்று நாள் இந்த வேலை நடந்தது. அந்த மூன்று நாளும் சரிவில் மிளாவைக் காணவில்லை, ஆள் நடமாட்டத்துக்கு ஒதுங்கியிருக்கிறது என்று தொரையும் நானும் நினைத்தோம். பேச்சி கருக்கலில் போய் இருட்டியபின் திரும்பியதால் எதையும் பார்க்கவில்லை.

சேர்மன் வந்தார். கூடவே மனைவி, கழுத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு பைனாகுலர். வராந்தாவில் நாற்காலி போட்டு, வெள்ளித் தட்டில் முந்திரிப்பருப்பு வைத்து, தொரை அந்தச் சரிவை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார், கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிறவர் மாதிரி. கேட்டால் பதில் சொல்ல என்னை வெள்ளைச் சட்டை போட்டு வராந்தா மூலையில் நிறுத்தியிருந்தார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தரை ஆனது. ஆறு ஆனது. சரிவில் ஒரு காக்கை நடந்தது. தொரை குரலைத் தாழ்த்தி, மான்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும் என்கிற மாதிரி ஏதோ இங்கிலீஷில் சொன்னார். சேர்மன் முந்திரியை மென்றார். டிரைவரின் ஆடு வந்தது. சேர்மன் மனைவி பைனாகுலரைத் தூக்கினாள், பார்த்தாள், இறக்கினாள். "என் கல்கத்தா வீட்டிலிருந்து மிருகக்காட்சிச் சாலை பத்து நிமிடம் கைமள், நீங்கள் ஒருமுறை வர வேண்டும்," என்று சேர்மன் சொன்னதாக அழகியநம்பி பிறகு எனக்குச் சொன்னார். தொரை சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். பார்த்தபோது பேச்சியின் அறைதான் ஞாபகம் வந்தது.

அப்போதுதான் குசினிப் பக்கமிருந்து யாரோ மெதுவாகக் கூப்பிட்டார்கள். பேச்சி. அன்றைக்கு நேரத்தோடு லயத்துக்குத் திரும்பியவள் அங்கிருந்து ஓடி வந்திருந்தாள், மூச்சு இரைத்தது.

"அண்ணாச்சி, மிளா வந்திருக்கு."

"எங்கட்டி?"

"எங்க லயத்துக்குப் பின்னால. ஏழு உருப்படி. பள்ளத்துல நின்னு மண்ண நக்குது." மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளே ஒரு பிடி மண், இடையில் வெள்ளை வெள்ளையாக. "இது நான் போட்ட உப்பு அண்ணாச்சி. நம்ம மரத்து மூட்டுல போட்டது. பள்ளத்துக்கு எப்படிப் போச்சு?"

அவள் கையிலிருந்த மண்ணைப் பார்த்ததும் விளங்கியது. விளங்கியதும் முதலில் வந்தது கோபம்தான், அதைத்தான் சொல்ல வேண்டும்.

"மரத்துக்கு உப்பப் போட்டா மரம் வெளங்குமாட்டி?"

"மரம் வெளங்கணும்னா தொரை கேட்டாரு? மான் வரணும்னுதான கேட்டாரு," என்றாள். "அவுக இருக்கும்போது தொரைமாரு வேட்டைக்கு உப்புக்குழி வெட்டித்தான் மிளாவ நிறுத்துவாக. உப்புன்னா அது மலையேறி வரும். வித்துரா சந்தையில வாங்கி, பொட்டிப் பொட்டியா தலையிலதான் செமந்தேன். ஒங்ககிட்ட சொல்லத்தான வந்தேன்."

வந்தாள்தான். நான்தான் கேட்காமல் விரட்டினேன்.

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போவல," என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். "ரெண்டு பர்லாங்கு. மெல்ல நடத்திக் கூட்டிட்டு வந்தியன்னா அந்த அம்மா கண்ணாலயே பாத்துரலாம். தொரைகிட்ட சொல்லுங்க அண்ணாச்சி. ஒங்க பேச்சக் கேப்பாரு."

வராந்தாவுக்குப் போனேன். நாலே எட்டு. தொரை திரும்பி, "எந்தா?" என்றார். சொல்ல எவ்வளவு இருந்தது! மான் வந்திருக்கிறது என்று சொன்னால் எங்கே என்பார். லயத்துக் குப்பைப் பள்ளத்தில் என்றால் ஏன் அங்கே என்பார். ஏன் அங்கே என்றால், நான் கொட்டினேன். உப்பு யார் போட்டது, நீ ஏன் அள்ளினாய், யாரைக் கேட்டு அள்ளினாய். இருபது வருட மேஸ்திரி, கல்கத்தாக்காரர்கள் முன்னால், லயத்துக்காரி செய்த காரியம் எனக்குத் தெரியவில்லை என்று நின்று சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல தொரை," என்றேன்.

திரும்பிப் பார்த்தபோது குசினி வாசலில் அவள் இல்லை.

மறுநாள் காலையில் சேர்மனின் கார் இறங்கிப் போனதும் தொரை என்னைச் சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இரவெல்லாம் தூங்காத முகம். ஒரு இலையைக் கிள்ளி அதன் பழுப்பு ஓரத்தை என் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "இது நோக்கு. உணங்கிப்போயி. அவள் நேரே வெள்ளம் ஒழிச்சில்லா. அதோண்டாணு மானு வராத்தது. அல்லே சற்குணம்?"

தண்ணீர் ஊற்றாததால் இலை கருகியது, இலை கருகியதால் மான் வரவில்லை. ஒரு மனுஷனின் மண்டைக்குள் இவ்வளவு களிமண் எப்படித்தான் தங்குமோ. அப்போதும் அப்படித்தான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாயைத் திறந்து, "ஆமா தொரை," என்றேன்.

அழகியநம்பி செக்ரோலை முடித்தார், பேச்சியின் பெயர் நிரந்தரத்தில் ஏறவில்லை. எழுதும்போது நான் ஆபீசில்தான் நின்றேன். பேனாவை மூடிவிட்டு, "ஓய், அந்தப் பொம்மனாட்டி தண்ணி விடலேன்னு நீரே சொன்னீராமே, நிஜமா?" என்று கேட்டார். நான் மழை வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தை மாதம், வானத்தில் ஒரு மேகமில்லை.

சனிக்கிழமை தேயிலை லாரி வித்துராவுக்குப் போனது. பேச்சி அதில் ஏறினாள். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், லிங்கத்தின் வாட்சர் கம்பளி. திருவனந்தபுரத்தில் கட்டட வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், கரமனைப் பக்கம் தெரிந்த ஒருத்தி இருக்கிறாளாம், படுக்க இடம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்வாளாம். செல்லபாய்தான் இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்கள் போய் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

போனேன். பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தேன். அவள் தடுக்கவில்லை. கண்ணில் தண்ணீரில்லை, ஏசவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அப்படிச் செய்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது கத்திவிட்டு வந்திருப்பேன். "தொரை ஒரு மடையன் பேச்சி. அந்த ஆளுக்கு என்ன தெரியும்," என்றேன்.

லாரிக்காரன் இஞ்சினைக் கிளப்பினான். அவள் மேலே உட்கார்ந்து பாயை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தொரையாவது ஒரு புஸ்தகத்தக் கேட்டாரு அண்ணாச்சி," என்றாள். "நீங்க யாரக் கேட்டிய?"

லாரி வளைவு திரும்புகிறவரை நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சரிவுக்குப் போய் மரங்களுக்குத் தண்ணீர் விட்டேன். உப்பெல்லாம் கழுவிப் போயிருந்தது. முப்பத்தொன்றும் நன்றாகத் துளிர்த்திருந்தன.